பழைய அனலாக் பிஐடி-யை டிஜிட்டலுக்கு மாற்ற: ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலும் (தோல் பதனிடும் ஆலைகள்) அனலாக் பிஐடி கன்ட்ரோலர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை (எரர்) வைத்து வால்வை இயக்கும் பெட்டி அது: எரருக்கு ஏற்ப பி (புரபோர்ஷனல்), அது சேர்ந்ததற்கு ஐ (இன்டெக்ரல்), மாறும் வேகத்துக்கு டி (டெரிவேட்டிவ்). முகப்பில் மூன்று குமிழ், ஒரு முள், அவ்வளவுதான். ஸ்பேர் கிடைக்காது. என்றைக்காவது அது படுத்துவிட்டால், புதிதாகச் சேர்ந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளைக் கூப்பிட்டு "இதை டிஜிட்டலா மாத்திடுப்பா" என்பார் மானேஜர். கல்லூரியில் இசட் டிரான்ஸ்ஃபார்ம் படித்திருப்பீர்கள். ஆனால் இந்த வேலையில் கணக்கு கால் பங்குதான். அந்தப் பழைய பெட்டி யாருக்கும் சொல்லாமல் செய்துவந்த சில்லறை வேலைகளைத் தேடிப் பிடித்து உங்கள் கோடில் திரும்ப எழுதுவதுதான் மீதி முக்கால். அதை ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் பட்ட அலைச்சலை நீங்கள் படவேண்டாம்.

கட்டுரை முழுக்க ஒரே லூப்பை (அளந்து, ஒப்பிட்டு, வால்வைத் திருத்தும் சுற்று) வைத்துப் பேசுகிறேன். சாயம் போடும் டிரம்முக்கு வெந்நீர் கொடுக்கும் தொட்டி. பிடி100 சென்சார், 0 முதல் 150 டிகிரிக்கு 4–20 மில்லி ஆம்பியர் தரும் டிரான்ஸ்மிட்டர், நீராவி வால்வு, செட்பாயின்ட் (வேண்டிய வெப்பநிலை) 60 டிகிரி. முதல் முயற்சிக்கு இது போன்ற சோம்பேறி லூப்பாகப் பார்த்து எடுங்கள். பாய்லர் பக்கம் போகாதீர்கள், அங்கே இன்ஸ்பெக்டர், சட்டம் எல்லாம் வேறு. கழிவுநீர் பிஹெச் லூப்பும் இப்போது வேண்டாம். அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவில் அதன் கெயின் (ஒரே அளவு மருந்துக்கு பிஹெச் எவ்வளவு நகரும் என்பது) பல மடங்கு மாறும், முதல் ஆளுக்கு அது தாங்காது.

படி 1: பெட்டியைக் கழற்றும் முன் காகிதங்கள்

பவர் ஆஃப் செய்வதற்கு முன்பே இவை கையில் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரின் மேனுவல். முழுதாகப் படிக்க வேண்டாம், அது சீரீஸ் வகையா பேரலல் வகையா என்று சொல்லும் பக்கம் மட்டும் போதும். மேனுவல் இல்லையென்றால் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

மூன்று குமிழ்களும் நிற்கும் இடத்தின் படம், மூடியைத் திறந்தால் உள்ளே தெரியும் ஜம்பர்களின் (இணைப்பை மாற்றும் சின்னச் செருகிகள்) படம். குமிழ் எண் மட்டும் போதாது. "பத்து மடங்கு" ஜம்பர் உள்ளே ஒளிந்திருக்கும்.

சென்சாரின் கேலிபரேஷன் சான்றிதழ். பழசு காலாவதியாகியிருந்தால் என்ஏபிஎல் (லேப்களைச் சோதித்து ஏற்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் புதிதாக எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு "உன் டிஜிட்டல் ரெண்டு டிகிரி தப்பா காட்டுது" என்ற பேச்சு கட்டாயம் வரும். அன்றைக்கு இந்தக் காகிதம்தான் பேசும்.

காலையில் குளிர்ந்த தொட்டியிலிருந்து ஆரம்பித்து ஒரு ஷிஃப்ட் முடியும் வரை டிரெண்டு, அதாவது நேரத்தோடு வெப்பநிலை ஏறி இறங்கிய பதிவு. ரெக்கார்டர் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒரு முறை கையால் எழுதினாலும் சரி. காலைப் பகுதியை விட்டுவிடாதீர்கள், அதன் அருமை படி 7-இல் தெரியும்.

கடைசியாக, வால்வை இயக்கும் காற்றழுத்தம் போனால் அது மூடுமா, திறக்குமா என்பதை புரொடக்ஷன் சூப்பர்வைசர் முன்னால் சோதித்துக் குறித்து, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

படி 2: பழைய எண்களை நொடிக்கும் கெயினுக்கும் கொண்டுவருதல்

பழைய பெட்டியில் "கெயின்" (எரரை எத்தனை மடங்காக்கி வால்வுக்கு அனுப்புவது) என்றே இருக்காது, புரபோர்ஷனல் பேண்டு இருக்கும். நூறை அதால் வகுத்தால் கெயின். பேண்டு 25 சதவீதம் என்றால் கெயின் 4. இன்டெக்ரல் குமிழ் பெரும்பாலும் "நிமிடத்துக்கு எத்தனை ரிப்பீட்" என்று இருக்கும், அதைத் தலைகீழாக்க வேண்டும். 0.5 ரிப்பீட் என்றால் 2 நிமிடம், அதாவது 120 நொடி. டெரிவேட்டிவ் 20 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த மூன்று எண்ணையும் அப்படியே புதிய கன்ட்ரோலரில் தட்டுபவர்கள்தான் அதிகம். பழைய அனலாக் பெட்டிகளில் பெரும்பாலானவை சீரீஸ் வகை, ஒரு குமிழைத் திருப்பினால் மற்ற இரண்டின் வேலையும் கொஞ்சம் மாறும். உங்கள் கோடு பேரலல் வகையாக இருக்கும். இடையில் ஒரு சின்னக் கணக்கு உண்டு:

புதிய இன்டெக்ரல் நேரம் = பழைய இன்டெக்ரல் + பழைய டெரிவேட்டிவ் = 120 + 20 = 140 நொடி.
புதிய டெரிவேட்டிவ் = இரண்டின் பெருக்கல் ÷ இரண்டின் கூட்டல் = 2400 ÷ 140 = 17.1 நொடி.
புதிய கெயின் = 4 × 140 ÷ 120 = 4.67.

டெரிவேட்டிவ் பூஜ்யத்தில் வைத்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், இரண்டு வகையும் ஒன்றுதான்.

படி 3: சாம்பிள் நேரம்

அனலாக் பெட்டி விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். டிஜிட்டல் இடைவெளி விட்டுப் பார்க்கும், பார்த்த மதிப்பை அடுத்த முறை வரை பிடித்துக்கொண்டிருக்கும். இதனால் சராசரியாக அரை சாம்பிள் தாமதம் லூப்புக்குள் புகுந்துவிடுகிறது. இந்தத் தாமதம் எந்தக் குமிழிலும் எழுதியிருக்காது.

பழைய கன்ட்ரோலர் ஆட்டோவில் ஓடும்போதே செட்பாயின்டை 2 டிகிரி ஏற்றிப் பாருங்கள். வெப்பநிலை ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். இரண்டு முகடுகளுக்கு இடையிலான நேரம்தான் உங்கள் அலைக்காலம். நம் தொட்டியில் அது 90 நொடி என்று கொள்வோம். அரை சாம்பிள் தாமதத்தால் இழக்கும் ஃபேஸ் (அலை பின்தங்கும் கோணம்), டிகிரிக் கணக்கில்: 180 × சாம்பிள் நேரம் ÷ அலைக்காலம். ஒரு நொடி சாம்பிள் என்றால் 2 டிகிரி. இப்போது கணக்கிட்டதை அடுத்த சாம்பிளில்தான் வெளியே அனுப்புகிறீர்கள் என்றால் இன்னும் 4. மொத்தம் 6 டிகிரி, கவலையில்லை.

அதே தொட்டிக்கு 10 நொடி வைத்தால்? 20-ம் 40-ம் சேர்ந்து 60 டிகிரி. நன்றாக டியூன் செய்த லூப்பிலேயே ஃபேஸ் மார்ஜின் (ஆட்டம் தொடங்கும் முன் இழக்கக்கூடிய கோணம்) 45 முதல் 60 டிகிரிதான் இருக்கும். மொத்தமும் போய்விடும், தொட்டி ஊஞ்சலாட ஆரம்பிக்கும். "மெதுவான லூப்தானே, பத்து நொடிக்கு ஒரு தடவை பார்த்தால் போதாதா" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு அலைக்குள் 20-க்குக் குறையாமல் சாம்பிள் வேண்டும், 30 இருந்தால் நல்லது. கணக்கிட்டவுடனேயே அவுட்புட்டை எழுதிவிடுங்கள், அடுத்த முறைக்குத் தள்ளாதீர்கள். காசில்லாமல் கிடைக்கும் லாபம் அது.

சரி, வேகமாக வைத்தால் நல்லதுதானே? அதிலும் பொறி உண்டு. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட். 250 ஓம் மின்தடை வழியாக 4–20 மில்லி ஆம்பியர் 1–5 வோல்ட் ஆகும்போது முழு அளவுக்கும் சுமார் 818 எண்கள்தான் கிடைக்கும். ஒரு எண் என்பது 0.122 சதவீதம், அதாவது 0.18 டிகிரி. ஏடிசி ஒரே ஒரு எண் தாவினால் ஃபில்டர் இல்லாத டெரிவேட்டிவ் வால்வை எவ்வளவு தள்ளும்? கெயின் × டெரிவேட்டிவ் நேரம் ÷ சாம்பிள் நேரம் × 0.122. ஒரு நொடி சாம்பிளில் கிட்டத்தட்ட 10 சதவீதம். 0.1 நொடி சாம்பிளில் 97 சதவீதம்! தொட்டியில் ஒன்றுமே நடக்கவில்லை, வால்வு மட்டும் டமால் டமால் என்று அடித்துக்கொள்ளும். வேகம் வேண்டுமென்றால் 16 பிட் ஏடிசி போடுங்கள், டெரிவேட்டிவ் ஃபில்டரையும் மறக்காதீர்கள். நம் தொட்டிக்கு ஒரு நொடியே சரி.

படி 4: கரண்ட் இரைச்சலை சாம்பிளுக்கு முன்பே வடிகட்டுங்கள்

டிரம் மோட்டாரின் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே டிரேயில் போகாத டேனரியை நான் பார்த்ததில்லை. அதனால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நிச்சயம் ஏறும். அனலாக் பெட்டிக்கு அது உறைக்காது, உள்ளே இருக்கும் கெபாசிட்டர் விழுங்கிவிடும். டிஜிட்டலில் கதை வேறு. மின்சாரம் அச்சு அசலாக 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. 49.95-இல் இருக்கும்போது நொடிக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்தால், அந்த இரைச்சல் 20 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அலையாக வேஷம் போட்டு வரும். டிரெண்டில் பார்த்தால் தண்ணீரே ஏறி இறங்குவது போல இருக்கும். வால்வைக் கழற்றுவார்கள், பேக்கிங் மாற்றுவார்கள், அலை போகாது.

இரண்டு மருந்து. ஏடிசி காலுக்கு முன்னால் 10 கிலோ ஓம் மின்தடை, 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். சில ரூபாய்தான், 50 ஹெர்ட்ஸை சுமார் முப்பதில் ஒரு பங்காக்கும். இதனால் வரும் 0.1 நொடித் தாமதம் 90 நொடி லூப்புக்குப் பொருட்டே இல்லை. அதோடு, ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு மில்லி நொடி இடைவெளியில் 20 முறை படித்து சராசரி எடுங்கள். 20 மில்லி நொடி என்பது 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். நொடிக்கு ஒன்றாகப் படித்த பத்து மதிப்புகளைப் பிறகு சராசரி எடுப்பது இதற்கு மாற்றல்ல. வேஷம் போட்டு உள்ளே வந்தவனைப் பிரித்தெடுக்க வழியில்லை.

படி 5: ஆய்லரா, டஸ்டினா?

அனலாக் சமன்பாட்டின் எஸ்-ஐ டிஜிட்டலின் இசட் ஆக்க மூன்று வழி படித்திருப்பீர்கள். முன்னோக்கு ஆய்லர், பின்னோக்கு ஆய்லர், டஸ்டின். டஸ்டின் என்பது எஸ் = (2 ÷ சாம்பிள் நேரம்) × (இசட் − 1) ÷ (இசட் + 1). துல்லியத்தில் டஸ்டின்தான் மேல். லீட்-லேக், நாட்ச் போன்ற கன்ட்ரோலர் என்றால் அதையே எடுங்கள். ஆக்டேவ் மென்பொருளில் கன்ட்ரோல் பேக்கேஜ் போட்டுக்கொண்டால் சி2டி கட்டளை ஒரே வரியில் செய்து கொடுத்துவிடும், அதற்குக் காசு கிடையாது.

பிஐடி-க்கு என் கட்சி வேறு. இன்டெக்ரலுக்கு எது போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. டெரிவேட்டிவுக்குப் பின்னோக்கு ஆய்லர் மட்டும்தான். காரணம் இது: டெரிவேட்டிவ் ஃபில்டரின் எண் (டெரிவேட்டிவ் நேரத்தை இதால் வகுத்தால் ஃபில்டரின் நேரம்) 8 என்று வைத்தால், டெரிவேட்டிவ் நேரம் சாம்பிள் நேரத்தின் 4 மடங்குக்குக் கீழே போகும்போது டஸ்டினில் ஃபில்டரின் போல் (pole, அதன் நடத்தையைத் தீர்மானிக்கும் எண்) மைனஸ் பக்கம் போகிறது. அவுட்புட் ஒரு சாம்பிள் மேலே, ஒரு சாம்பிள் கீழே என்று துள்ளும். முன்னோக்கு ஆய்லரில் அதே எல்லையைத் தாண்டினால் ஃபில்டரே நிலைகுலைந்துவிடும். பின்னோக்கில் டெரிவேட்டிவ் நேரத்தை யார் எவ்வளவு குறைத்தாலும் ஒன்றும் ஆகாது. நைட் ஷிஃப்டில் யாராவது டியூனிங்கைத் தொடத்தான் போகிறார்கள்.

படி 6: கோடில் வரும் வரிகள்

எல்லாவற்றையும் சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; 150 டிகிரி என்றால் 100 சதவீதம், "அளவு" என்பது அளந்த வெப்பநிலை. சாம்பிள் நேரம் 1 நொடி, ஃபில்டர் எண் 8.

பி = 4.67 × (செட்பாயின்ட் − அளவு)
டி = 0.681 × பழைய டி − 25.5 × (அளவு − பழைய அளவு)
அவுட்புட் = பி + ஐ + டி, பிறகு 0-க்கும் 100-க்கும் இடையில் வெட்டு
ஐ = ஐ + 0.0333 × எரர்

0.0333 என்பது கெயின் × சாம்பிள் நேரம் ÷ இன்டெக்ரல் நேரம். 0.681 என்பது 17.1 ÷ (17.1 + 8). 25.5 என்பது 4.67 × 17.1 × 8 ÷ (17.1 + 8). டெரிவேட்டிவ் எரரைப் பார்க்கவில்லை, அளவை மட்டும் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். எரரைப் பார்க்க வைத்தால், செட்பாயின்டை ஒருவர் மாற்றும்போதெல்லாம் வால்வுக்கு ஒரு உதை விழும்.

இந்த எண்கள் எல்லாமே ஒரு நொடிக்கு மட்டும் பொருந்தும். டிலே 1000 என்று போட்டு லூப்பைச் சுற்றவிட்டால், எல்சிடி எழுதுவதும் மோட்பஸ் (கருவிகள் கம்பி வழியே பேசிக்கொள்ளும் முறை) பதிலுக்குக் காத்திருப்பதும் சேர்ந்து நிஜ இடைவெளி நீண்டுவிடும், இன்டெக்ரல் மெதுவாகிவிடும். ஆர்டுயினோவில் மில்லி நொடிகளை எண்ணும் மில்லிஸ் கவுன்டரின் வித்தியாசத்தைப் பார்த்து ஓட்டுங்கள். அந்தக் கவுன்டர் 49 நாள் 17 மணி நேரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போது − முன்பு" என்று கழித்து, அன்சைன்ட் எண்ணாக ஒப்பிட்டால் ஒன்றும் ஆகாது. "இப்போது > அடுத்த நேரம்" என்று எழுதியிருந்தால் ஏழு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு, எல்லோரும் உங்களைப் பாராட்டி முடித்த பிறகு காலை வாரும். பிஎல்சி (ஆலைகளில் மாட்டும் கன்ட்ரோல் கணினி) என்றால் பிஐடி பிளாக்கை மெயின் புரோகிராமில் வைக்காமல் சைக்ளிக் இன்டரப்டில் வையுங்கள்.

படி 7: பழைய பெட்டி சொல்லாமல் செய்தவை

முதலாவது, வைண்டப், அதாவது இன்டெக்ரல் எல்லை தாண்டிக் குவிந்துபோவது. அனலாக் பெட்டியில் இன்டெக்ரல் என்பது ஒரு ஆப்-ஆம்ப்பும் கெபாசிட்டரும். சப்ளை வோல்டேஜைத் தாண்டி அது ஏற முடியாது, அங்கேயே முட்டி நிற்கும். உங்கள் கோடில் அந்தச் சுவர் இல்லை. காலை 30 டிகிரித் தண்ணீர், செட்பாயின்ட் 60: எரர் 20 சதவீதம். சூடேற 25 நிமிடம், எரர் சராசரி 10 சதவீதம் என்று வைத்தாலும் ஐ 500 சதவீதத்துக்குப் போய்விடும். தண்ணீர் 60-ஐத் தொடும்போது வால்வு மூட வேண்டும், ஆனால் உள்ளே 500 உட்கார்ந்திருக்கிறது. அது கரைவதற்குள் தண்ணீர் செட்பாயின்டைத் தாண்டி வெகுதூரம் சூடேறிவிடும், அந்தத் தண்ணீர் டிரம்முக்குள் போனால் தோல் சுருங்கவும் கூடும். எளிய வழி: அவுட்புட் 100-இல் முட்டியிருந்து எரர் இன்னும் மேலே தள்ளினால் ஐ-யை ஏற்றாதீர்கள், 0-இல் முட்டினால் இறக்காதீர்கள். படி 1-இல் எடுத்த காலை டிரெண்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒப்படைக்காதீர்கள்.

இரண்டாவது, மேனுவலிலிருந்து ஆட்டோவுக்கு வரும்போது குலுங்காமல் வருவது. ஆட்டோ பட்டனை அழுத்திய கணத்தில் ஐ = வால்வு நிற்கும் இடம் − பி − டி என்று வைத்துவிடுங்கள். கெயினை மாற்றும்போதும் இதே வரி.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. பெரிய டிரம் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி தொய்யும். அனலாக் பெட்டி கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தொடரும். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகி ஐ பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஐ-யை ஈஈபிராமில் (பவர் போனாலும் அழியாத நினைவகம்) எழுதி வைக்கலாமே என்று தோன்றும். ஊனோவின் ஈஈபிராமுக்கு உத்தரவாதம் 1 லட்சம் எழுத்து. நொடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள், அல்லது எஃப்ராம் சிப் (அடிக்கடி எழுதினாலும் தாங்கும் நினைவகம்) போடுங்கள். வாட்ச்டாக் (புரோகிராம் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) கட்டாயம். 24 வோல்ட் சப்ளையை டிரம் மோட்டார் இல்லாத ஃபேஸிலிருந்து எடுக்க வழியில்லை, அந்த மோட்டார் மூன்று ஃபேஸிலும் இருக்கும். தொய்வைத் தாங்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (பவர் சப்ளை) செலவு செய்யுங்கள்.

கோடு என்ன செய்தாலும் சரி, தனியாக ஒரு தெர்மோஸ்டாட் 75 டிகிரியில் நீராவி சாலினாய்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். அது கம்பியில் இருக்கட்டும், புரோகிராமில் வேண்டாம்.

படி 8: செலவு

நான் விசாரித்த அளவில் தோராயமான விலைகள், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஊனோ வகை போர்டு 500 முதல் 2,500 ரூபாய். 16 பிட் ஏடிசி மாட்யூல் 300. 4–20 மில்லி ஆம்பியர் அவுட்புட் மாட்யூல் 1,000 முதல் 2,000. நல்ல எஸ்எம்பிஎஸ் 1,000 முதல் 1,500. சிக்னல் ஐசொலேட்டர் (சிக்னலை மின்தொடர்பு இல்லாமல் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 2,000 முதல் 3,000. பெட்டி 2,000. கேலிபரேஷன் ஆயிரத்தை ஒட்டி. அனலாக் கார்டோடு சின்ன பிஎல்சி என்றால் 12,000-க்கு மேல். இவற்றை வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் வாலாஜா ரோட்டிலோ காட்பாடியிலோ காலை ரயிலைப் பிடித்து மாலைக்குள் திரும்பிவிடலாம். ஐசொலேட்டரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும் பில்லோடு, வாரன்டியோடு வாங்குங்கள்.

கூட்டிப் பார்த்துவிட்டு யோசியுங்கள். ஒரே லூப், சாதாரண பிஐடி என்றால் கோடே எழுத வேண்டாம். பேனலில் மாட்டும் ரெடிமேட் டிஜிட்டல் கன்ட்ரோலர் 3,000 முதல் 6,000-க்குக் கிடைக்கிறது. வைண்டப்பையும் ஆட்டோ மாற்றத்தையும் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். படி 1, 2, 4 மட்டும் உங்கள் வேலை. நாலைந்து லூப், ரெசிபி, டேட்டா லாகிங் என்று வந்தால்தான் சொந்தக் கோடுக்கு அர்த்தம் உண்டு.

பெட்டியில் கஞ்சத்தனம் கூடாது. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கருக்கிவிடும், கனெக்டர் பின்கள்தான் முதலில் போகும். ஐபி65 பெட்டி (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாதது), போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (பாதுகாப்புப் பூச்சு) இரண்டும் வேண்டும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் இருக்கும் சூட்டை ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே போர்டின் வெப்ப வரம்பை முடிவு செய்யுங்கள்.

படி 9: மாற்றும் நாள்

பக்ரீத் முடிந்து தோல் வந்து குவியும் வாரங்களில் கேட்காதீர்கள், எந்த மானேஜரும் டிரம்மை நிறுத்த விடமாட்டார். வார விடுமுறைக்கு முந்தின நாள் மாலையும் வேண்டாம். சிக்கல் வந்தால் உதவிக்கு ஆள் இருக்காது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் வயரிங்குக்குத் தோதானது. அறிவிப்பு முன்கூட்டியே வரும், பகல் முழுக்கக் கம்பி வேலையை முடித்துவிடலாம்.

அதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் புதிய கன்ட்ரோலரை நிழலில் ஓடவிடுங்கள். சென்சார் சிக்னல் ஐசொலேட்டர் வழியாக இரண்டுக்கும் போகட்டும், வால்வு பழையதிடமே இருக்கட்டும். வால்வு உங்கள் கையில் இல்லாததால் ஐ மெல்ல விலகிப்போகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அளவு சரியாக வருகிறதா, 20 நொடி அலை தெரிகிறதா, டிரம் ஸ்டார்ட்டில் ரீசெட் ஆகிறதா, இவற்றைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

மாற்றிய அன்று மேனுவலில் ஆரம்பித்து, 55 டிகிரி வந்ததும் ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் படி 2-இல் கிடைத்த கெயினில் பாதி. ஒரு பேட்ச் ஓடியதும் முழுக் கெயின். மறுநாள் காலைக் குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கு நீங்களே நேரில் நில்லுங்கள். வைண்டப் கோடு வேலை செய்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஒப்படைக்கும்போது பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: சாம்பிள் நேரம், மூன்று டியூனிங் எண்கள், பேரலல் வகை என்ற குறிப்பு, ஃபில்டர் எண், கோடின் வெர்ஷன், தேதி. பழைய பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால் அதன் வயர்களை நம்பர் போட்டு அப்படியே சுருட்டி வைத்து, ஒரு மழைக்காலம் தாண்டும் வரை ஸ்டோர்ஸுக்கு அனுப்பாதீர்கள்.